பூணில் பதிந்த ஆண்டு

1971 மார்ச்சில் தேர்தல் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. கனகம்மாசத்திரத்தில் எங்கள் வீடு பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்தது. முதல் நாள் சாயங்காலமே வாக்குப்பெட்டிகளோடு ஆட்கள் வந்து வகுப்பறையில் பாய் விரித்துவிட்டார்கள். விடிகிற நேரத்தில் அப்பா ஒரு சொம்பு நிறையக் காப்பியைக் கொடுத்து, "திண்ணையில காவலுக்கு இருக்காரே போலீஸ்காரர், அவருக்குக் குடுத்துட்டு வா" என்று அனுப்பினார்.

அவர் தூணில் சாய்ந்தபடி கண்ணயர்ந்திருந்தார். மடியில் குறுக்காகத் துப்பாக்கி. அதிலிருந்து ஒரு சங்கிலி போய் அவர் இடுப்புப் பட்டையில் மாட்டியிருந்தது. எழுப்பப் பயந்து, சொம்பைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தினேன். துப்பாக்கியை அவ்வளவு கிட்டத்தில் அதுவரை பார்த்ததில்லை. கட்டையில் எண்ணெய் ஏறி, பழைய மரப்பாச்சி போல மின்னியது. பின்கட்டையும் இரும்பும் சேருகிற இடத்தில், உலக்கைக்குப் பூண் போட்டதுபோல ஒரு வளையம். அந்தப் பூணில் ஒரு கிரீடம் பொறித்திருந்தது. கீழே ஜி, ஆர், ஐ என்று மூன்று எழுத்து. அதற்கும் கீழே எழுத்துக் கூட்டிப் படித்தேன்: இஷாபூர். அடுத்த வரியில் 1, 9, 4. கடைசி எண்ணை அவருடைய கட்டைவிரல் மறைத்திருந்தது. சற்றுத் தள்ளி, வேறு கை வேறு நாளில் அடித்ததுபோல, 410.

விரலுக்கு அடியில் இருப்பதைப் பார்க்கத் தலையைச் சாய்த்தேன். அவர் விழித்துக்கொண்டார். "இன்னாடா பாக்குற? தொடக் கூடாது, தெரியுமா?" என்றவர் காப்பியைப் பார்த்ததும் முகம் இளகினார். நான் வீட்டுக்கு ஓடிவந்து, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கிரீடத்தை வரைந்து, எழுத்துகளை எழுதி, 194 என்று போட்டு, பக்கத்தில் ஒரு எண்ணுக்கு இடம் விட்டு வைத்தேன்.

என் சேகரிப்பு அன்றைக்குத் தொடங்கியது. இன்றைக்கு நான்கு நோட்டுப் புத்தகங்கள். அவற்றில் நூற்றுச் சொச்சம் ராணுவத் துப்பாக்கிகள் இருக்கின்றன; வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது. வெளிநாடுகளில் இப்படிப்பட்டவற்றை வாங்கிச் சுவரில் மாட்டி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, பட்டாளத்துத் தோட்டா போகும் ரைபிள் தடை செய்யப்பட்ட ரகம். மத்திய அரசின் தனி அனுமதி இல்லாமல் தனி ஆள் வைத்திருக்க முடியாது. அந்தச் சட்டம் சரியானது என்றே நினைக்கிறேன். ஆகவே நான் பார்த்து, கேட்டு, எழுதிக்கொள்கிறேன். எங்கே பார்த்தேன், பூணில் என்ன இருந்தது, கட்டையில் எங்கெங்கே ஒட்டுப் போட்டிருக்கிறார்கள், எந்தத் திருகு மாற்றப்பட்டது. பென்சில்தான். பேனா மை எண்ணெய்க் கையில் ஊறிவிடும்.

முதல் பக்கத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் தெருவில் இருந்த மிலிட்டரி தாத்தா. இரண்டாம் உலகப் போரில் பர்மாவுக்குப் போய் வந்தவர். அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தில் சொந்த மாவட்டம் சித்தூர் என்று இருக்கும். எங்கள் ஊர் இருக்கும் திருத்தணி தாலுகா 1960 ஏப்ரல் 1-இல்தான் ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. அவர் பேச்சில் தெலுங்கும் தமிழும் எது எங்கே முடிகிறது என்று தெரியாது. என் நோட்டைப் பார்த்துவிட்டு, "டேய் நைனா, இது ஜார்ஜ் ராஜா பேரு" என்றார். ஜி என்றால் ஜார்ஜ், ஆர் என்றால் ராஜா, ஐ என்றால் சக்கரவர்த்தி. 'இந்தியாவின் சக்கரவர்த்தி' என்ற பட்டத்தை ஆறாம் ஜார்ஜ் 1948 ஜூனில் கைவிட்டார் என்று பிறகு படித்தபோது, ஒரு எழுத்துக்கு ஆயுள் முடிந்த நாள் என்று அதைக் குறித்துக்கொண்டேன். அதற்குப் பிந்திய துப்பாக்கிகளில் கிரீடம் இருந்த இடத்தில் அசோகச் சிங்கம் வந்து உட்கார்ந்தது. ஆர்.எஃப்.ஐ. என்று வங்காளத்து இஷாபூர் ரைபிள் தொழிற்சாலையின் பெயர் மட்டும் நின்றது.

தாத்தாவுக்கு அதன் பெயர் 'த்ரீ நாட் த்ரீ'. குழலின் வாய் .303 அங்குலம். நோட்டுக்கு எழுதும் பெயர் லீ–என்ஃபீல்ட். லீ என்பவர் ஜேம்ஸ் பாரிஸ் லீ: 1831-இல் ஸ்காட்லாந்தில் பிறந்து, கனடாவில் வளர்ந்து, அமெரிக்காவில் தொழில் செய்தவர்; கடிகாரக்காரர் வீட்டுப் பிள்ளை. என்ஃபீல்ட் என்பது லண்டனுக்கு வடக்கே அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்த ஊர். எங்கள் ஊர் வழியாகத் திருப்பதி சாலையில் படபடவென்று போகும் புல்லட் மோட்டார் சைக்கிளின் கம்பெனிக்கு என்ஃபீல்ட் என்ற பெயரும் அங்கிருந்து வந்ததுதான். அந்தக் கம்பெனி தொடக்கத்தில் அந்தத் தொழிற்சாலைக்குத் துப்பாக்கி உறுப்புகள் செய்து கொடுத்தது. திருவொற்றியூரில் செய்த வண்டியின் டேங்கில் இருக்கும் பீரங்கிச் சின்னத்தைக் காட்டித் தாத்தா இதைச் சொன்ன நாளிலிருந்து, புல்லட் போனால் எனக்குக் காதோடு கண்ணும் திரும்பும்.

ஒருநாள் பின்கட்டில் கிடந்த பனைமட்டையை எடுத்துத் தோளில் வைத்துக் காட்டினார். வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இல்லாத ஒரு குமிழைப் பிடித்திருந்தன. நடுவிரல் இல்லாத விசையில். தூக்கு, இழு, தள்ளு, அமுக்கு. அமுக்கின அதே நொடியில் நடுவிரல் மடங்கும். தோளிலிருந்து மட்டை அசையவே இல்லை. "நிமிஷத்துக்குப் பதினஞ்சு. முந்நூறு கஜத்துல. குறி தப்பாம" என்றார். அறுபதைத் தாண்டிய கை அது. முப்பது வருஷத்துக்கு முன் பழகினதை ஒரு சுழி பிசகாமல் செய்தது.

அந்த வேகம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் விளங்கியது. ஜெர்மனியின் மௌசர் ரைபிளில், தோட்டாவின் பின்னால் நின்று வெடியைத் தாங்குகிற போல்ட், முன் நுனியில் பூட்டிக்கொள்ளும். உறுதிக்கு அதுவே சிறந்தது. கைப்பிடியைத் தொண்ணூறு பாகை தூக்க வேண்டும். லீ தன் பூட்டைப் போல்ட்டின் பின்பக்கம் வைத்தார். அறுபது பாகை தூக்கினால் போதும். பின்னுக்கு இழுக்கும் தூரமும் குறைவு. கைப்பிடியின் குமிழ் விசைக்கு நேர் மேலே வந்து தொங்குகிறது, கை அலைய வேண்டியதில்லை. மௌசரில் போல்ட்டைத் தூக்கும்போது சுருள்வில் முறுக்கேறும். லீயில் முன்னால் தள்ளும்போது. தூக்குவது பலம் குறைந்த அசைவு, தள்ளுவது பலமான அசைவு. மனிதக் கை எதில் சோர்ந்துபோகும் என்று பார்த்து வைத்த ஏற்பாடு அது. பின்பூட்டால் கெடுதலும் உண்டு. வெடியின் அழுத்தத்தில் போல்ட் மயிரிழை அளவு குறுகும், பித்தளைத் தோட்டா நீளும். கணக்குப் பார்க்கிற பொறியாளர் மௌசரைத்தான் எடுப்பார். நான் லீயின் பக்கம். சேற்றிலும் மணலிலும் உயிருக்குப் பயந்து நடுங்குகிற கையை நினைத்துச் செய்தது அது.

இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும். 1888-இல் முதலில் வந்த ரைபிள் லீ–மெட்ஃபோர்ட். வில்லியம் மெட்ஃபோர்ட் 1857-இல் கிழக்கிந்திய ரயில்வேக்கு வேலை பார்க்கக் கல்கத்தாவில் வந்து இறங்கி, சிப்பாய்க் கிளர்ச்சியின் நடுவில் அகப்பட்டு, உடம்பு கெட்டு ஊர் திரும்பியவர். குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் வரிகளை ஆழமில்லாமல், மழுங்கிய விளிம்போடு வெட்டினார். கருமருந்தின் கரி அதில் அப்பாது. ஆனால் அடுத்து வந்த கார்டைட் என்ற புகையில்லா மருந்தின் சூடு அந்த மெல்லிய வரிகளை அரித்துத் தின்றுவிட்டது. 1895-இல் என்ஃபீல்டில் ஐந்து ஆழமான வரி வெட்டினார்கள். மெட்ஃபோர்ட் பெயர் உதிர்ந்து என்ஃபீல்ட் ஒட்டிக்கொண்டது.

இதைப் படித்து வெகுகாலம் கழித்து, குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் போனேன். வெலிங்டன் தாண்டி அருவங்காடு என்று பலகை வந்தது. எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டேன். கார்டைட் தொழிற்சாலை 1903 முதல் அங்கேதான் இருக்கிறது. யூகலிப்டஸ் மரங்களும் மதிலும் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மெட்ஃபோர்டின் வரியைத் தின்ற மருந்து நம்முடைய நீலகிரியில் காய்ச்சப்பட்டது என்ற எண்ணத்தோடு, ரயில் கேத்தி போய்ச் சேரும்வரை நின்றுகொண்டே வந்தேன். கூட வந்த மனைவி தேயிலைத் தோட்டம் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். அன்றைக்கு நோட்டில் துப்பாக்கி ஏதும் ஏறவில்லை. 'அருவங்காடு' என்று ஒரு வரி மட்டும்.

கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்ததே கையில் ஒரு தடவையாவது அதைப் பிடித்துப் பார்க்கத்தான். ஆயுத அறையை அங்கே 'கோத்' என்பார்கள். கோத்திலிருந்து முதல் நாள் கொடுத்தது டி.பி. ரைபிள், டிரில்லுக்கு மட்டும் உரியது, சுட முடியாதபடி உள்ளே முடமாக்கப்பட்டது, கட்டையில் வெள்ளைப் பட்டை பூசியது. சுமார் நாலு கிலோ. சாவ்தான், விஷ்ராம், பாஜூ சஸ்த்ர, சலாமி சஸ்த்ர என்று ஆணைகள். என்.சி.சி.யில் இந்தி ஆணைச் சொற்கள் வேண்டாம் என்று 1968 ஜனவரி 23-இல் அண்ணாவின் அரசு சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டது நினைவுக்கு வரும். எனக்கும் அந்தச் சொற்கள் நாக்கில் ஒட்டவில்லை. ஆனால் புல்த்ரூ கயிற்றில் துணித் துண்டைக் கோத்துக் குழலுக்குள் இழுக்கிற ஓசைக்கு மொழி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பரேடு முடிந்து மற்றவர்கள் பூரி வாங்க வரிசையில் நிற்க, நான் பின்கட்டையின் பித்தளைத் தகட்டு மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்குள் எண்ணெய்க் குப்பியும் கயிறும் வைக்க ஒரு பொந்து. முன்கட்டையில் குறுக்கே ஒரு திருகு. மரம் பிளக்காமலிருக்க இஷாபூரில் சேர்த்தது. இங்கிலாந்திலிருந்து வரும்போது அது இருக்காது. அந்தத் திருகைக் கண்டால் நம் ஊர்க் கை பட்டது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

அங்கே பார்த்தவற்றில் ஒன்றின் பூணில் 1918 என்று இருந்தது. முதல் உலகப் போரின் கடைசி வருஷம். 1916-இல் அவசரம் கருதிச் சில உறுப்புகளைக் குறைத்தார்கள்: தொலைதூரத்துக் கூட்டத்தை நோக்கிச் சுடும் பக்கக் குறிகாட்டி, தோட்டாப் பெட்டியை மறிக்கும் தகடு, பின்குறியைப் பக்கவாட்டில் நகர்த்தும் திருகு. பெயரோடு ஒரு நட்சத்திரம் சேர்ந்தது. இந்த 1918-இல் அந்த நட்சத்திரம் தெளிவாக இருந்தது. பத்துப் பேர் செய்ய வேண்டியதை எட்டுப் பேர் செய்து, எட்டுப் பேரையும் முன்னணிக்கு அனுப்பிய காலத்தின் அடையாளம் என்று எனக்குத் தோன்றியது. அதைத் தோளில் வைத்துக்கொண்டு கல்லூரி மைதானத்தில் இடது வலது போட்டேன்.

இனி அந்த 410-க்கு வருகிறேன். அதன் பொருள் தெரிய எனக்குப் பன்னிரண்டு வருஷம் ஆனது.

சொன்னவர் ஓய்வுபெற்ற ஒரு ஆர்மரர். போலீஸ் துறையின் துப்பாக்கிகளைப் பழுதுபார்த்தே வயதானவர். என் நோட்டின் முதல் பக்கத்தைப் பார்த்ததும், "தம்பி, இது ரைபிளே இல்ல. ஃபோர் டென் மஸ்கட்" என்றார். பார்வைக்கு அதே த்ரீ நாட் த்ரீ. ஆனால் குழலைக் குடைந்து வரிகளை எடுத்துவிட்டிருப்பார்கள். வாய் .410 அங்குலம், உள்ளே வழவழப்பு. பத்துத் தோட்டா பிடிக்கும் பெட்டிக்குள் ஒரு மரக்கட்டையைச் செருகி அடைத்திருப்பார்கள். ஒரு தடவைக்கு ஒன்றுதான்; கையால் போட வேண்டும். தோட்டாவும் வேறு, கழுத்து குறுகாத நேர்ப்பித்தளை. களவு போனாலும் பட்டாளத்துத் தோட்டாவைப் போட்டு அதைப் போர்த் துப்பாக்கியாக்க முடியாது. "நல்லா ஓடுற குதிரைக்குக் கால்கட்டு போட்ட மாதிரி" என்று கையைப் பிசைந்தார். அவர் முகத்தில் இருந்தது தொழிலாளியின் வருத்தம்.

அந்தக் கால்கட்டு எப்போது போடப்பட்டது என்று தேடிப் போனால் 1857-இல் நிற்கும். அந்த வருஷம் கொழுப்பு தடவிய தோட்டாவால் பேர் கெட்டது 1853-ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்ட். கிளர்ச்சி அடங்கிய கையோடு, இந்தியச் சிப்பாய்களுக்கென்று 1858, 1859-இல் தனி மாதிரிகள் வந்தன. உருவம் என்ஃபீல்ட், குழலில் வரி கிடையாது. வெள்ளைக்காரச் சிப்பாய் முந்நூறு கஜத்தில் அடித்தால், பக்கத்தில் நிற்கும் இந்தியச் சிப்பாய் நூறு கஜத்தில் அடித்தால் போதும் என்று வைத்தார்கள். பிறகும் பல காலம் இவர்களுக்கு ஒரு தலைமுறை பழையதுதான் கொடுத்தார்கள்: அங்கே மார்ட்டினி–ஹென்றி வந்தபோது இங்கே ஸ்னைடர், அங்கே லீ–மெட்ஃபோர்ட் வந்தபோது இங்கே மார்ட்டினி. குடிமக்களுக்கு 1878-இல் ஆயுதச் சட்டம். நூற்றாண்டு திரும்பிய பிறகுதான் வெள்ளைக்காரனுக்குச் சமமான ரைபிள் இந்தியச் சிப்பாயின் கைக்கு வந்தது. போலீஸ்காரனுக்கு மட்டும் பழைய சந்தேகம் தொடர்ந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகும் அந்த மஸ்கட்டுகள் தொடர்ந்து வேலை பார்த்தன. கூட்டத்தின் நடுவே சுட நேர்ந்தால் குண்டு வெகுதூரம் போய் வேறு யாரையும் கொல்லக் கூடாது என்பது ஒரு நியாயம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் சொம்புக் காப்பியைக் குடித்த அந்த மனிதர், தன்னை நம்பாத ஒரு அரசாங்கம் செய்த ஏற்பாட்டைச் சங்கிலியில் கட்டிச் சுமந்துகொண்டு, சுதந்திர நாட்டின் வாக்குப்பெட்டிக்குக் காவல் இருந்திருக்கிறார். அவருக்கு அது தெரிந்திருக்குமா என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன்.

அம்மாவுக்கு என் ஆர்வம் கடைசிவரை பிடிக்கவில்லை. 1965-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது மாநிலமெங்கும் நடந்த துப்பாக்கிச் சூடுகள் அவளுக்கு ஆறாத செய்தி. "ஆளைக் கொல்ற சாமான்ல என்னடா இருக்கு?" என்பாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருந்ததில்லை. மிலிட்டரி தாத்தாவிடம் கேட்டேன். பர்மாவில் யாரையாவது சுட்டிருக்கிறாரா என்று அதுவரை நான் கேட்டதே கிடையாது. அவர் பனைமட்டையைக் கீழே வைத்தார். "பதினஞ்சுன்னு சொன்னேனே. அது டார்கெட்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு மட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்த உரையாடலும் நோட்டில் இருக்கிறது, தேதியோடு.

ஊரில் இருந்துகொண்டே பார்க்கக் கிடைத்தவையும் உண்டு. தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் உள்ளவர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். கரும்புத் தோட்டக்காரர்கள் கோணியில் சுற்றி, மொபெட்டில் குறுக்கே வைத்துக் கொண்டுவருவார்கள். காட்டுப்பன்றிக்கு வைத்திருக்கும், முன்வாயில் மருந்து இடிக்கும் துப்பாக்கிகளே அதிகம். பயிர்க் காவலுக்கு அந்த ரகத்தைச் சட்டமே அனுமதிக்கிறது. 1850-களின் பொறி அது: குதிரையைத் தூக்கி, கேப்பைப் பொருத்தி, இழுத்தால் விழுந்து வெடிக்கும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் அரண்மனையிலிருந்து வந்த திரித் துப்பாக்கிகளைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் பார்க்கிறோம். அதற்குப் பிந்திய படி எங்கள் ஸ்டேஷன் திண்ணையில் ரசீதுக்குக் காத்திருக்கும். அபூர்வமாக ஒரு .315 வரும். அரசுத் தொழிற்சாலை குடிமக்களுக்கென்று செய்தது. பட்டாளத் தோட்டா போகாது. ஆனால் போல்ட்டைப் பார்த்தால் லீயின் கைதான். ஒரு முறை, அதைக் கொண்டுவந்த பெரியவரிடம் போல்ட்டைத் திறந்து காட்டச் சொன்னேன். "எங்கப்பா காலத்துது, திறந்தே வருஷமாச்சு" என்றார். திறந்தபோது உள்ளே வேட்டாளி கூடு கட்டியிருந்தது.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்குக் காவடிகள் ஏறும்போது, பந்தோபஸ்துக்கு வரும் ஆயுதப்படையினரிடம் ஒரு வருஷம் வேறொன்றைப் பார்த்தேன். த்ரீ நாட் த்ரீ போலவே இருந்தது. தோட்டாப் பெட்டி மட்டும் சாய்வில்லாமல் சதுரமாக இருந்தது. அதுதான் இஷாபூர் 2ஏ1. 1962-இல் சீனாவோடு போர் வந்தபோது நம் ஆட்கள் ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்தார்கள். எதிரில் தானாகத் தோட்டா ஏறும் துப்பாக்கிகள். அந்தத் தோல்விக்குப் பிறகு அந்த ரகத்தில் புதிய எஸ்.எல்.ஆர். வரும்வரை பொறுக்க முடியாமல், லீயின் பழைய உடம்பை மேலான எஃகில் அமைத்து, 7.62 மி.மீ. தோட்டாவுக்குச் செய்தார்கள். பன்னிரண்டு தோட்டா பிடிக்கும். படைவீரனின் சாதாரண ஆயுதமாக உலகில் கடைசியாக வடிவமைக்கப்பட்ட கைப்போல்ட் ரைபிள்களில் அது ஒன்று. அரோகரா முழக்கத்துக்கு நடுவே, படிக்கட்டு ஓரம் நின்று, சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தேன். அந்தக் காவலர் பொறுமைசாலி. பூணைத் துடைத்துவிட்டுக் காட்டினார். சிங்கம், ஆர்.எஃப்.ஐ., 1967.

சில வருஷத்துக்கு முன் பழைய ஆயுதங்களைக் கணக்கெடுத்துத் திருப்பி அனுப்புகிற வேலை நடந்தது. உத்தரப் பிரதேசத்துப் போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்போடு த்ரீ நாட் த்ரீக்கு விடை கொடுத்த செய்தி வந்த சமயம். தெரிந்த ஒரு இளம் காவலர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவருக்கு வயது முப்பதுக்குள். மேஜை மேல் சாக்கு விரித்து மூன்று மஸ்கட்டுகளைக் கிடத்தியிருந்தார். கட்டையில் எண்ணெய் வற்றி, மரம் சாம்பல் பூத்திருந்தது. ஒவ்வொன்றாகப் பூணைத் துடைத்தேன். முதலாவது 1949, சிங்கம். இரண்டாவதில் எழுத்துத் தேய்ந்துபோயிருந்தது. மூன்றாவதில் கிரீடம், ஜி.ஆர்.ஐ., இஷாபூர், 1943, தள்ளி அடித்த 410.

கணக்கு நோட்டின் அந்தப் பழைய பக்கத்தைக் கொண்டுபோயிருந்தேன். காவலர் அதையும் துப்பாக்கியையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், இதுவேதானா?" என்றார்.

தெரியாது என்றேன். 1940-களில் இஷாபூரில் செய்தவை லட்சக்கணக்கில். பழைய பக்கத்தில் விட்ட இடத்தை அப்படியே விட்டுவிட்டு, நாலாவது நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, தேதி போட்டு, 1943 என்று எழுதினேன். அவர் சாக்கின் நுனியை மடித்து, மூன்றையும் சேர்த்துக் கட்டத் தொடங்கினார். ஒரு முடிச்சுக்கு நானும் விரல் வைத்துப் பிடித்துக்கொண்டேன்.